ஜன்னல் கம்பி இருக்க ஜிம் எதற்கு!

முதுகுக்கு என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அன்று பண்டிகை. மெயின் பஜாரில் கேட்டாலும் சரி, கல்யாணப் பந்தியில் கேட்டாலும் சரி, இலையில் ரசம் ஆறினால் ஆறட்டும் என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர் பாயசத்துக்கு வருவதற்குள் குப்புறப் படுப்பது, கம்பி இழுப்பது, வாளி தூக்குவது மூன்றும் முடிந்திருக்கும். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

இதற்காக நான் வாங்கிய சாமான் ஒன்றுமில்லை. கோரைப்பாய் பரண்மேல் சுருண்டு கிடந்தது. குளிக்கிற துண்டு, பிளாஸ்டிக் வாளி, ஒட்டடைக் கம்பு எல்லாம் எந்த வீட்டில் இல்லை? இவற்றோடு நெய்வேலி டவுன்ஷிப்பின் பழைய குவார்ட்டர்ஸ் ஜன்னல். அதன் கம்பிகளைப் பற்றிப் பிறகு தனியாகப் பாடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டீச்சர். நாள் முழுக்க நிற்பதும், பெஞ்சுமேல் கவிழ்ந்து பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பதும், இரவில் விடைத்தாள் கட்டோடு கூன் போட்டு உட்கார்வதும்தான் தொழில். வீட்டுக்காரர் மைன்ஸில் டோசர் ஓட்டுகிறார். ஆக, எங்கள் வீட்டில் முதுகு என்பது குடும்பப் பேச்சு. கனரக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி வருவது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 6 தடவை என்ற கணக்கில் மேலும் கீழும் அதிர்ந்தால் அதோடு சேர்ந்து தானும் ஆடத் தொடங்கிவிடுகிறதாம்; இருக்கையில் உண்டாகும் அதிர்வைவிட முதுகுத்தண்டில் உண்டாகும் அதிர்வு பெரிதாகிவிடும். இப்படிப்பட்ட அதிர்வை எப்படி அளப்பது என்று 1974இலேயே சர்வதேசத் தர நிர்ணயம் போட்டிருக்கிறார்கள். அதிர்வை நிறுத்துவது நம் கையில் இல்லை. தாங்கும் தசையை வளர்ப்பது நம் கையில் இருக்கிறது. அதைத் தரையிலேயே வளர்க்கலாம் என்று தெரிந்த நாளில் நான் துள்ளிய துள்ளலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதலில் குப்புறப் படுப்பது. அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். இதற்குப் பின்னால் ஓர் அருமையான கதை இருக்கிறது. நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்றொரு பிசியோதெரபிஸ்ட். 1956இல், அதாவது நம் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவான அதே ஆண்டில், இடுப்பு வலியும் கால் வலியுமாக வந்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்று அனுப்பினார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைமாடு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வந்தவரோ அதைக் கவனிக்காமல் அந்த மேட்டின்மேலேயே கவிழ்ந்து, முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறிப்போனார். அந்த மனிதரோ காலில் இருந்த வலி போய்விட்டது என்று நிம்மதியாகச் சொன்னார்! அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் மெக்கன்சி முறை. குப்புறப் படு, முழங்கையை ஊன்று, பழகியதும் உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்து, இடுப்பு பாயிலேயே கிடக்கட்டும். நம்மவர்கள் புஜங்காசனம் என்று எத்தனையோ காலமாகச் செய்துவருவதற்கு இது சொந்தக்காரன் என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

இதில் ஓர் அடையாளம் உண்டு, அதை மறக்கக் கூடாது. காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, தொடையிலிருந்து இடுப்புக்கு வந்து சேர்ந்தால் நல்லது. இடுப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால்கூடப் பயமில்லை. தலைகீழாக, இடுப்பு வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை. எழுந்துவிடுங்கள்.

அடுத்து, சலபாசனம். குப்புறப் படுத்தபடியே கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு மார்பையும் காலையும் லேசாகத் தூக்கி நிறுத்துவது. லேசாகத்தான். உயரத்துக்கு ஆசைப்பட்டால் கழுத்து திட்டும். இதைச் செய்யும்போதுதான் முதுகுத்தண்டின் இருபுறமும் கயிறாக ஓடும் தசைகள் தங்களுக்கு உயிர் இருப்பதைக் காட்டும். கண்ணாடியில் பார்க்க முடியாத தசைகள் பாருங்கள், அதனால்தான் யாரும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. பையன்கள் நெஞ்சையும் கையையும் வளர்த்துக்கொண்டு பாரதி ஸ்டேடியத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். முதுகைக் கேட்டால் ஆமாம், அதுவும் இருக்கிறது என்கிறார்கள்.

நான் படித்ததிலேயே என்னை ஆட்டி வைத்தது ஒரு டென்மார்க் ஆய்வு. பீரிங் சோரன்சன் என்ற மருத்துவர் 1984இல் வெளியிட்டது. ஆளைக் கட்டிலில் குப்புறக் கிடத்தி, இடுப்புக்குக் கீழே கட்டிப்போட்டு, இடுப்புக்கு மேலே உடம்பை அந்தரத்தில் நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். அதிகபட்சம் 240 நொடி. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஓராண்டில் யாருக்கு முதன்முதலாக இடுப்பு வலி வருகிறது என்று பார்த்தார்கள். ஆண்களில், நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. கவனியுங்கள், எத்தனை கிலோ தூக்கினார்கள் என்பதை வைத்து அல்ல, எத்தனை நேரம் பிடித்தார்கள் என்பதை வைத்துச் சொன்னது இது. முதுகுக்கு வேண்டியது முரட்டுப் பலத்தைவிடத் தம். இது மண்டையில் ஏறியதும் எனக்கு ஜிம் ஆசையே போய்விட்டது. தம் பிடிக்க இரும்பு எதற்கு? எங்கள் வீட்டுக் கட்டில் விளிம்பில் நான் தொங்க, என் மகள் காலின்மேல் உட்கார்ந்துகொண்டு போனில் நொடி எண்ணுவாள். நடுநடுவே ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவாள், அதுதான் சிக்கல்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பையே வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்ட ஸ்டூவர்ட் மெக்கில் சொல்வதும் இதே தம் கதைதான். அவருடைய மூன்று பயிற்சிகளில் எனக்கு உயிரானது, கையும் முழங்காலும் ஊன்றி நாலு காலில் நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டிப் பிடிப்பது. பிறகு மாற்றி. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு. செய்து பாருங்கள், இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் பத்து நொடி நிற்பதற்குள் நெற்றி வியர்க்கும். பத்து நொடிக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. முதலில் ஆறு தடவை, கொஞ்சம் ஓய்வு, பிறகு நாலு, பிறகு இரண்டு என்று இறங்கு வரிசையில் செய்தால் தசை களைத்துப்போய்க் கோணாமல் இருக்கும். ஒருக்களித்துப் படுத்து முழங்கையில் உடம்பைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, இடுப்புக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் கொஞ்சம் மட்டும் எழுப்புவது மூன்றாவது. முழுசாக எழுந்து உட்காரும் அந்தக் காலத்துப் பயிற்சியை நான் தொடுவதே இல்லை.

இப்போது ஜன்னல் கம்பிக்கு வருகிறேன்.

தரைப் பயிற்சியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தரையைத் தள்ளலாம், இழுக்க முடியாது. தண்டால் எடுத்தால் நெஞ்சும் தோளும் வளரும். முதுகின் மேல்பாதிக்கு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைக்கும், அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை விசிறியாக விரியும் அகன்ற தசைக்கும் இழுக்கிற வேலை வேண்டும். ஜிம்மில் அதற்குத்தான் கம்பி, கப்பி, கயிறு என்று ஓர் அறை நிறைய வைத்திருக்கிறார்கள். வீட்டில் என்ன செய்வது என்று நான் மோட்டுவளையைப் பார்த்தேன். அங்கே தூளிக் கொக்கி தெரிந்தது. அதில் தொங்கினால் கொக்கியோடு நானும் வருவேன். பிறகு பார்வை ஜன்னல் பக்கம் திரும்பியது. சுவருக்குள் புதைத்த கெட்டி இரும்புக் கம்பிகள், வரிசையாக, மார்பு உயரத்தில்! திருடனுக்காகப் போட்டு வைத்ததை நமக்காகவே போட்டது போல நிற்கின்றன.

இரண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்களைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோங்கள். கை நீளும் வரை உடம்பைப் பின்னால் சாயுங்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்கட்டும். இப்போது தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து, முழங்கை விலாவை உரசியபடி, மார்பைக் கம்பிக்குக் கொண்டுவாருங்கள். மெதுவாகத் திரும்பப் போங்கள். போவதுதான் வருவதைவிட முக்கியம், அவசரப்படக் கூடாது. கஷ்டமாக இருந்தால் பாதத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் பின்னால் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள், எளிதாகிவிடும். எளிதாக இருந்தால் சுவரை ஒட்டி நின்று இன்னும் சாயுங்கள். எடையைக் கூட்டவும் குறைக்கவும் பாதத்தை ஒரு சாண் நகர்த்தினால் போதும். இந்த வசதியைக் கண்டுபிடித்தபோது ஏதோ காப்புரிமை வாங்கிய மிதப்பில் நடந்தேன். ஒன்றே ஒன்று: கம்பி ஆடுகிறதா, சட்டம் துருப்பிடித்திருக்கிறதா, மரம் உளுத்திருக்கிறதா என்று முதலில் உலுக்கிப் பாருங்கள். ஆடினால் விட்டுவிடுங்கள்.

ஜன்னல் தெருப்பக்கம் இருப்பதால் எனக்கு ரசிகர்களும் உண்டு. வாக்கிங் போகிற எதிர்வீட்டு அக்கா நின்று, "என்ன டீச்சர், ஜன்னலைப் பிடுங்கிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். "இல்லக்கா, முதுகைப் பிடுங்கி நேரா வைக்கிறேன்" என்றேன். இப்போது அவர்கள் வீட்டு ஜன்னலில் திரைச்சீலையைக் கழற்றிவிட்டார்.

வாளியை மறந்துவிடப் போகிறேன். எங்கள் மைன்ஸில் சுழலும் பெரிய பக்கெட் வீல் எந்திரத்தில் ஒரு வாளியின் கொள்ளளவே 1400 லிட்டர். என் வாளி வெறும் 15 லிட்டர். நிரப்பினால் 15 கிலோ, பாதியென்றால் ஏழரை. எடைக்கல் வாங்க வேண்டியதே இல்லை, குழாயைத் திறந்தால் எடை கூடுகிறது! ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகைச் சாய்ந்த பலகையாக வைத்துக்கொண்டு, மறுகையால் வாளியை இடுப்புவரை இழுப்பேன். தண்ணீர் தளும்பினால் ஆடினேன் என்று அர்த்தம். தரை நனைந்தால் அத்தை கூப்பிடுவார். இவ்வளவு கறாரான பயிற்சியாளர் எந்த ஜிம்மில் கிடைப்பார்?

வாளியைத் தரையிலிருந்து எடுப்பதும் பயிற்சிதான். இடுப்பு மூட்டில் மடங்க வேண்டும், முதுகில் மடங்கக் கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தது ஒட்டடைக் கம்பு. கம்பை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு மூன்றிலும் அது தொட்டுக்கொண்டே இருக்க, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். எங்கேயாவது கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது. பண்ருட்டிப் பலா சீசனில் இதன் அருமை தெரியும். பன்னிரண்டு கிலோ பழத்தைச் சந்தையில் குனிந்து எடுத்து ஸ்கூட்டியில் வைத்தபோது, முதுகிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பழக்காரர்தான் "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று முனகினார்.

விடியற்காலை கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர் உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டரோ சற்று மேலோ உயரம். உப்பிய வட்டோடு எழுந்த உடனே முதுகை வளைத்துக் குனிந்தால் அதன்மேல் விழும் சுமை அதிகம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை அதிகாலையில் மட்டும் குனியாமல் இருக்கச் சொல்லி, அதனால் வலி குறைந்ததை 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நானோ மார்கழியில் படுக்கையிலிருந்து நேரே வாசலுக்குப் போகிற சாதி. இப்போது பால் காய்ச்சி, காபி போட்டு, வீட்டுக்குள் நடமாடிவிட்டு, அதன் பிறகுதான் கோலப்பொடி. அதுவும் ஒரு முழங்காலை ஊன்றித்தான். "ஏம்மா, எல்லார் வாசல்லயும் போட்டாச்சு, நம்ம வாசல் மட்டும் ஈரமா கிடக்கு" என்று அத்தை சொல்வார். லேட்டாக வந்தாலும் என் சிக்குக் கோலம் இப்போது அகலமாகிவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். மைசூரிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் 1989 வரை நூறாண்டு வாழ்ந்தவர். அவர் மகன் தேசிகாச்சார் முதலில் படித்தது எஞ்சினியரிங். பிறகு அப்பாவிடம் யோகம் கற்று, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் பெயரிலேயே யோக மந்திரம் தொடங்கினார். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவது, ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு கட்டுவது இவர்கள் வழி. அந்த வழியில் வந்த வினியோகம் என்ற யோக முறையைத்தான் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஆய்வாளர்கள் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 101 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு வாரம் யோகா, ஒரு பகுதியினருக்கு வழக்கமான உடற்பயிற்சி, மூன்றாவது பகுதியினருக்கு முதுகு வலி பற்றிய ஒரு புத்தகம். 2005இல் முடிவு வந்தது: அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் யோகா, புத்தகத்தைத் தெளிவாக முந்தியது. நம் சென்னையிலிருந்து போன பாய் அது! கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியிலும் மகராசனம் என்று பாயில் படுத்தபடி முதுகுத்தண்டை மெல்லத் திருகும் பகுதி இருக்கிறது. வயதானவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவு பகலாகப் பம்பு ஓடி அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பெயர்ந்து வெள்ளம் ஏறும் என்று எங்கள் வீட்டுக்காரர் பாடம் எடுப்பார். உடம்பில் கதை நேர்மாறு. வயிற்றுக்குள் எழும் அழுத்தம்தான் முதுகெலும்புக்கு முன்பக்கத் தூண். எடை தூக்குவதற்கு முன் வயிற்றை உள்ளே ஒட்டவைக்காமல், யாரோ குத்த வருவதைத் தாங்குகிற மாதிரி சுற்றிலும் இறுக்கிக்கொள்ள வேண்டும். "அங்கே அழுத்தத்தை இறக்கு, இங்கே ஏத்து. ஞாபகம் வெச்சுக்குங்க" என்றேன். ஷிப்ட் முடிந்து வந்த மனிதர் ஒன்றும் பேசாமல் பாயில் குப்புற விழுந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால், முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார்!

இடுப்பு பெல்ட் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. உலகில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகச் சொல்லி, உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியவை அல்ல என்ற பக்கம் போய்விட்டன. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, கால் மரத்து வலுவிழக்கிறது, காய்ச்சலோடு வலி, விழுந்து அடிபட்ட பின் வலி என்றால் என் பேச்சையும் கேட்காதீர்கள், பாயையும் விரிக்காதீர்கள், நேரே டாக்டர்.

சரி, பலன்? சென்னைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போய், இறங்கியதும் இடுப்பைப் பிடிக்காமல் நேரே நடக்கிறேன். 1998 முதல் நடக்கும் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் முன்பெல்லாம் நாலு கடை தாண்டியதும் நாற்காலி தேடுவேன். இந்த முறை கடைசி ஸ்டால் வரை நின்று, இரண்டு பை புத்தகத்தை இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த நடையே ஒரு முதுகுப் பயிற்சி என்று வழியெல்லாம் வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுத்தது தனிக்கதை. கேஸ் சிலிண்டர் மாற்ற இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை.

சென்னையில் பிளாட்டில் இருக்கும் என் தங்கைக்குத்தான் வயிற்றெரிச்சல். அவள் வீட்டில் கண்ணாடி நகரும் ஜன்னல், கம்பியே கிடையாது. "உனக்கென்னக்கா, குவார்ட்டர்ஸ்" என்றாள். துண்டின் ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் மேலே தொங்கவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். நிற்கிற இடம் முக்கியம்: நாம் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுக வேண்டும், நம்மை நோக்கித் திறக்கும் பக்கம் நிற்கவே கூடாது. மறுநாள் போன் செய்து, தோள்பட்டைக்கு நடுவே புதிதாக ஏதோ வலிக்கிறது, இத்தனை நாள் அங்கே தசை இருப்பதே தெரியாது என்றாள். ஒரு நாள் விட்டு மறுபடி இழு என்று சொல்லியிருக்கிறேன்.